யூரியா மூட்டையை எண்ணிய மண்ணில் நஞ்சுக்குக் கணக்கில்லை

பாண்டிருப்பின் கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. வயலைத் தாண்டினால் கிட்டங்கித் தாம்போதி. அதன் இருபுறமும் சதுப்பு, ஆற்றுவாழை, பறவைகள், வலை வீசுவோர். மாரி வெள்ளத்தில் தாம்போதி மூழ்கி நாவிதன்வெளிக்கான போக்குவரத்து தடைப்படும்போது மட்டுமே இந்த இடம் செய்தியாகிறது. அந்த வெள்ளம் வயல்களிலிருந்து எதைச் சுமந்து போகிறது என்று எவரும் கேட்பதில்லை.

1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர், சேனாநாயக்க சமுத்திரத்திலிருந்து இறங்கி மேல்நில வயல்களில் பாய்கிறது. அங்கிருந்து வடியும் நீர் கீழ்நில வயல்களுக்கு வருகிறது. கடைசியில் அது மட்டக்களப்பு வாவியின் தென்புறச் சதுப்புகளில் சேர்கிறது. மேலே ஒருவர் வடித்துவிடும் தண்ணீரே கீழே இன்னொருவரின் பாசன நீர். கரவாகு வயல்களும் கிட்டங்கிச் சதுப்பும் இந்தச் சங்கிலியின் கடைக்கண்ணிகள்.

இப்பகுதியில் நாற்று நடுவதைவிட வீசி விதைப்பதே வழக்கம். அதனால் களை கூடுதலாக முளைக்கும். விதைத்த சில வாரங்களுக்குள் புல்லுக்கு 'எண்ணெய்' அடித்தாக வேண்டும். இலையில் பட்டு வேலை செய்யும் களைநாசினி என்றால், முதலில் வயல் நீரை வடித்துவிட்டு அடித்து, சில நாட்களில் மீண்டும் நீர் கட்டுவார்கள். பெரும்போகத்தில் இந்த வேலையும் வடகீழ்ப் பருவமழையும் ஒரே காலத்தில் வருகின்றன. அடித்த மருந்து மண்ணில் சிதைவதற்குள் மழை அதை வாய்க்காலுக்குக் கொண்டுபோய்விடலாம். பூச்சியைக் கொல்லும் மருந்துகளில் பல, பூச்சிக்கு உறவான இறாலையும் நண்டையும் மிகச் சிறிய அளவிலேயே பாதிக்கக்கூடியவை.

இதற்கு அரசு காட்டிய வழி என்ன? 2015இல் கிளைபோசேற் தடை செய்யப்பட்டது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தளர்த்தப்பட்டு, 2022இல் தடையே நீக்கப்பட்டது. 2021 மே மாதம் இரசாயன உரம், கிருமிநாசினி இறக்குமதி ஒரே வர்த்தமானியால் நிறுத்தப்பட்டு, நவம்பரில் அந்த முடிவு கைவிடப்பட்டது. நாடு முழுவதும் தடை, இல்லையேல் நாடு முழுவதும் அனுமதி. எந்த வாய்க்காலின் ஓரத்தில், எந்த மருந்தை, எந்த வாரத்தில் தவிர்க்க வேண்டும் என்ற கேள்விக்கு இதில் இடமே இல்லை.

அதற்கு வரைபடம் வேண்டும். கலிபோர்னியாவில் 1990 முதல் விவசாயிகள் எந்த மருந்தை, எவ்வளவு, எங்கே, எப்போது அடித்தார்கள் என்று மாதந்தோறும் அறிவிக்க வேண்டும். அது ஒரு சதுர மைல் அளவுக்கு நுணுக்கமாகப் பதியப்படுகிறது. அதை அருகிவரும் உயிரினங்களின் வாழிடங்களோடு ஒப்பிட்டு, எங்கே கவனம் தேவை என்று முடிவெடுக்கிறார்கள்.

எங்களிடம் அதற்கான துண்டுகள் இல்லாமல் இல்லை. நாட்டுக்குள் வரும் மருந்தின் கணக்கு கிருமிநாசினிப் பதிவாளரிடம் உண்டு. விற்பனை விபரம் கடைகளில் உண்டு. யாருக்கு எத்தனை ஏக்கர் என்பது உரமானியத்துக்காகக் கமநல சேவை நிலையங்களில் பதிவாகியுள்ளது. இவை ஒன்றோடொன்று இணைக்கப்படவில்லை.

செய்ய முடியாத காரியம் இது என்று எமது மக்களிடம் சொல்ல முடியாது. போர்க்காலத்தில் யூரியா தடைப்பட்ட பொருள். சோதனைச் சாவடியில் ஒவ்வொரு மூட்டைக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது. போருக்குப் பின் கண்ணிவெடிகள் புதைந்த நிலம் அடியடியாக வரைபடமாக்கப்பட்டு, 2017இல் மட்டக்களப்பு வெடியற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. பாதுகாப்பு என்று வந்தால் இந்த நாட்டால் எண்ணவும் முடியும், வரையவும் முடியும்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பட்டியலில் பெயர் இருப்பது எத்தகைய ஆபத்து என்பதை அறிந்த சமூகம் இது. விவசாயியின் பெயரைக் கேட்டால் உண்மையான கணக்கு வராது. ஆகவே பெயரில்லாமல் வட்டை வாரியாகப் பதிவது போதும். ஒரு வட்டையில் அந்த வாரம் அடிக்கப்பட்ட மருந்து, அளவு, நீர் வடியும் வாய்க்கால் ஆகியவற்றை வட்டவிதானையும் விவசாய அமைப்பும் குறித்துக்கொள்ளலாம். அதனோடு கிட்டங்கியில் பெரும்போகத்தின் தொடக்கத்திலும் முதல் பெருமழைக்குப் பின்னும் நீரைப் பரிசோதித்தால், ஊகத்துக்குப் பதிலாக ஆதாரம் கிடைக்கும்.

அந்த ஆதாரம் விவசாயிக்கும் தேவை. வாவியில் மீன் செத்து மிதந்தால் காரணம் ஒட்சிசன் குறைவாகவோ, உப்புத்தன்மை மாறியதாகவோ, நகரக் கழிவாகவோ இருக்கலாம். கணக்கில்லாதபோது மீனவர் விவசாயியைச் சந்தேகிப்பார். தமிழர் வயலா முஸ்லிம் வயலா, கல்முனையா கல்முனை வடக்கா என்று பேச்சு திரும்பவும் அதிக நேரம் எடுக்காது. தண்ணீருக்கு அந்த எல்லைகள் எதுவும் தெரியாது. அம்பாறை மாவட்ட வயலில் வடிந்தது மட்டக்களப்பு மாவட்டத்தின் வலையில்தான் போய்ச் சேருகிறது.

அம்பாறை மாவட்டத்தில் குமண 2010இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. கிட்டங்கிக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை இல்லை. பலகை வரும்வரை காத்திருக்கத் தேவையுமில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், தங்கள் பிரதேசத்தில் விற்கப்படும் மருந்துகளின் விபரத்தையும் நீர்ப் பரிசோதனை முடிவுகளையும் விவசாய அமைப்புகளும் மீனவர் சங்கங்களும் கேட்கலாம். இரு தரப்பும் ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிட்டுக் கேட்பது இன்னும் நல்லது. அடுத்த பெரும்போக விதைப்புக்கு முன் அது நடந்தால், வரைபடத்தின் முதல் கோடு விழுந்துவிடும்.