பால்கோவாவுக்கு எதற்கு கேஷ் ஆன் டெலிவரி?

"முன்னாடியே பணத்தைப் போடாதே. பொருள் கைக்கு வந்த பிறகு கொடு." வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நம்மைப் போன்ற பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இது. செல்போனுக்கோ சட்டைக்கோ சரியாக இருக்கலாம். நம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பார்சலில் போகும் பால்கோவாவுக்கு இது அநியாயமான புத்திமதி என்பது என் கட்சி.

நான் பெரிய கடைகளைப் பற்றிப் பேசவில்லை. அவர்களுக்கு பஸ் ஸ்டாண்டு வியாபாரமும் கோயில் கூட்டமும் போதும். கிருஷ்ணன்கோவில் தொடங்கி ராஜபாளையம் வரை வீட்டில் இருந்தபடியே வியாபாரம் செய்யும் பெண்களைச் சொல்கிறேன். வாட்ஸப் ஸ்டேட்டஸ்தான் அவர்களுக்கு விளம்பரப் பலகை. அதில் படத்தைப் போட்டு, விலையை எழுதி, நம்பரைக் கொடுக்கிறார்கள். சென்னையில் இருந்தும் பெங்களூரில் இருந்தும் விசாரிக்கிறார்கள். விலை, எடை, கூரியர் செலவு எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியாக ஒரு கேள்வி வருகிறது. "கேஷ் ஆன் டெலிவரி உண்டா?"

அதற்கு "உண்டு" என்று சொன்னால் என்ன ஆகிறது? கூரியர்காரர் பொருளைக் கொண்டுபோய்க் கொடுத்து ரொக்கத்தை வாங்குகிறார். அதற்குத் தனிக் கட்டணம் உண்டு. வாங்கிய பணமும் உடனே வந்துவிடாது, சில நாள் கழித்துத்தான் கணக்கில் ஏறும். இது பொருள் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால். வீடு பூட்டியிருந்தால், போனை எடுக்காவிட்டால், "இப்போ வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் பார்சல் திரும்பி வரும். போன கூலி விற்றவர் தலையில். பல இடங்களில் வந்த கூலியும் அவர் தலையில்தான்.

சேலை திரும்பி வந்தால் மடித்து வைத்து வேறு ஒருவருக்கு விற்கலாம். பால்கோவாவை என்ன செய்வது? பாலையும் சீனியையும் சேர்த்துச் சுண்டக் காய்ச்சிய பண்டம். வெளியில் வைத்தால் ஒரு வாரம் தாங்குவதே பெரிது. சென்னைக்குப் போய், அங்கே இரண்டு நாள் கிடந்து, திரும்பி வருவதற்குள் அதன் ஆயுள் முடிந்துவிடும். பால், சீனி, விறகு, டப்பா, உழைப்பு எல்லாம் குப்பையில். பால் ஊற்றியவருக்குக் கொடுக்க வேண்டிய காசு மட்டும் அப்படியே நிற்கும். வேண்டாம் என்று சொன்னவருக்கு நஷ்டம் ஒரு பைசா கிடையாது. இரண்டு பேர் செய்யும் வியாபாரத்தில் ஒருவர் தலையிலேயே முழு ஆபத்தையும் கட்டுவது எந்த ஊர் நியாயம்?

"அந்தக் காலத்து வி.பி.பி.யும் இதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். நல்ல கேள்வி. 1877ல் இருந்து நம் தபால் இலாகாவில் இருந்த ஏற்பாடு அது. நம்மில் பலர் பத்திரிகை விளம்பரம் பார்த்து புத்தகமும் கைக்கடிகாரமும் வரவழைத்திருப்போம். ஆனால் இரண்டு விஷயத்தை மறந்துவிடுகிறோம். பணத்தைக் கட்டினால்தான் தபால்காரர் பார்சலையே கையில் கொடுப்பார். பிரித்துப் பார்த்துவிட்டுக் காசு கொடுப்பது அப்போதும் கிடையாது. இரண்டாவது, திரும்பிப் போனாலும் கெட்டுப் போகாத சாமான்கள்தான் பெரும்பாலும் வி.பி.பி.யில் வந்தன. நாலு நாளில் கெடும் இனிப்புக்கு அதை உதாரணம் காட்டுவது பொருந்தாது.

நம் பயத்தில் நியாயம் இல்லை என்று நான் சொல்லவில்லை. ஃபேஸ்புக்கில் பொய்க் கடை போட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு மறைந்துபோகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்கு மருந்து ஆளை விசாரிப்பதுதான். டப்பாவின் மேல் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு அளவில் செய்கிறவர்களும் பதிவு செய்துதான் ஆக வேண்டும். முழு விலாசம் கேளுங்கள். உள்ளூரில் இருக்கும் நாம் பஸ் ஏறிப் போய் நேரிலேயே பார்த்துவிடலாம். முதல் தடவை அரைக் கிலோ மட்டும் வாங்குங்கள். யூ.பி.ஐ.யில் பணம் அனுப்பும் முன் வங்கியில் பதிவான பெயர் திரையில் வரும், அது பேசிய ஆளின் பெயர்தானா என்று பாருங்கள். நமக்கு வர வேண்டிய பணத்தை வாங்க பின் நம்பர் போடச் சொன்னால் அவன் திருடன். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930க்கு போன் செய்யுங்கள். இத்தனை வழி இருக்கும்போது, யோக்கியமாகச் செய்யும் நாலு பேருக்கும் சேர்த்து தண்டனை கொடுப்பானேன்?

விற்கிறவர்களுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. முன்பணம் கேட்பவருக்குக் கடமை அதிகம். "விலைக்கு இன்பாக்ஸில் வரவும்" என்று எழுதுவதை முதலில் நிறுத்துங்கள். கால் கிலோ என்ன விலை, கூரியர் என்ன கூலி, என்றைக்குக் காய்ச்சியது, எத்தனை நாள் தாங்கும், உடைந்தோ கெட்டோ போய்ச் சேர்ந்தால் பணம் திரும்புமா என்று முதலிலேயே எழுதுங்கள். திங்கட்கிழமை அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை வழியில் மாட்டாது. பணம் வந்த அன்றே ரசீது எண்ணை அனுப்புங்கள். 2019ல் நம் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு எங்கோ செய்து நம் ஊர்ப் பெயரை ஒட்டக் கூடாது என்பதற்குத்தான் அந்தக் குறியீடு. அந்தப் பெயரைச் சுமக்கிறவர்கள் பாலைக் குறைத்து மாவைக் கலந்தால், அது ஊருக்கே செய்யும் துரோகம்.

இன்னொன்று. பணம் அனுப்பியதாக வரும் படத்தை நம்பிப் பொருளை அனுப்பிவிடாதீர்கள். அந்தப் படத்தைப் போலியாகச் செய்துவிடலாம். வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துத்தான் பார்சல் கட்ட வேண்டும். வாங்குகிறவர்களே, "கணக்கில் ஏறட்டும் சார்" என்று அந்தப் பெண் சொன்னால் கோபப்படாதீர்கள். உங்களைச் சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. பேங்கில் காசாளர் நோட்டை இரண்டு முறை எண்ணினால் நாம் கோபித்துக்கொண்டோமா?

2016ல் யூ.பி.ஐ. வந்தது. நம் வங்கிக் கணக்கில் இருந்து அனுப்பினால் விற்கிறவருக்குப் பிடித்தம் இல்லாமல், அனுப்பிய நிமிஷமே போய்ச் சேருகிறது. மணியார்டர் கமிஷன் கட்டிய தலைமுறை நாம். நமக்குத்தான் இதன் அருமை நன்றாகத் தெரிய வேண்டும். சிறு வியாபாரிக்கு இவ்வளவு மலிவாக ஒரு வசதி அமைந்திருக்கும்போது, அதை வேண்டாம் என்று தள்ளி, கூரியர்காரருக்குக் கமிஷன் போகட்டும் என்கிறோம்.

"இவ்வளவு கஷ்டம் எதற்கு, பெரிய ஆன்லைன் கம்பெனியில் சேர்ந்துகொள்ளலாமே?" என்று படித்த பிள்ளைகள் யோசனை சொல்கிறார்கள். அங்கேயும் கமிஷன் உண்டு, தள்ளுபடி கொடு என்ற நெருக்கடி உண்டு. நாளைக்கு ஐந்து கிலோ காய்ச்சுகிறவருக்கு அது கட்டாது. அவருக்கு வேண்டியது நம்பி முன்பணம் போடும் நூறு குடும்பங்கள். அதை எந்தக் கம்பெனியும் விலைக்குத் தராது. நம் வாய் வார்த்தைதான் தரும்.

ஆகவே தீபாவளிக்குப் பிள்ளைகள் ஆர்டர் போடும்போது, விசாரித்து ஒரு நல்ல கையைச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "பணத்தை இன்றைக்கே போட்டுவிடு" என்றும் சேர்த்துச் சொல்லுங்கள். நூறு மைல் தள்ளி இருக்கிறவன் நம்பாவிட்டால் பரவாயில்லை. பக்கத்துத் தெருவில் அடுப்பு எரிவதைக் கண்ணால் பார்க்கிற நாமே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்கள்?