தாத்தா வீட்டு டிவிடி பிளேயரில் பேத்தியின் வீடியோ

ஊரில் பல வீடுகளில் டிவிக்குக் கீழே, துணி போர்த்திய டிவிடி பிளேயர் ஒன்று இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதன் ரிமோட்டில் எந்தப் பட்டன் எதற்கு என்பது தாத்தா பாட்டிக்கு மனப்பாடம். பேத்தியின் அரங்கேற்றத்தையும் பேரனின் காதுகுத்தையும் போனில் பார்க்கலாம்தான். ஆனால், கண்புரை ஆபரேஷன் முடிந்த கண்ணுக்கு உள்ளங்கை அளவுத் திரை போதவில்லை. சரி என்று பென் டிரைவில் காப்பி செய்து கொடுத்தால், 'இந்த ஃபைலைப் படிக்க முடியாது' என்று பிளேயர் கையை விரித்துவிடுகிறது.

'பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள்' என்று சொல்வது சுலபம். புதுசு என்றால் புது ரிமோட், வைஃபை, பாஸ்வேர்டு. நடுவில் எங்காவது நின்றுபோனால், மகனோ மகளோ அடுத்த லீவுக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். பெரியவர்களை மாறச் சொல்வதைவிட, ஃபைலை மாற்றிக் கொடுப்பது எளிது. அதற்கான சாஃப்ட்வேர் எல்லாமே இலவசம். ஒரு லேப்டாப் மட்டும் வேண்டும்.

ஏன் ஓடவில்லை?

டிவிடி 1996-ல் விற்பனைக்கு வந்தது. அதில் படம் எம்பெக்-2 என்ற முறையில் பதிவாகிறது. இன்றைய போன்கள் பதிவு செய்வது 2003-ல் வந்த ஹெச்.264 முறையிலோ, 2013-ல் வந்த ஹெச்.265 முறையிலோதான். பழைய பிளேயரின் சிப்புக்கு இந்த இரண்டும் தெரியாது. போனைப் போல அப்டேட் செய்து கற்றுக்கொடுக்கவும் வழியில்லை.

சிலர் ஃபைல் பெயரின் கடைசியில் இருக்கும் எம்பி4 என்பதை ஏவிஐ என்று திருத்திப் பார்ப்பார்கள். சர்க்கரை டப்பாவில் 'உப்பு' என்று எழுதி ஒட்டுவது போலத்தான் அது. பெயர் மாறும், உள்ளே இருப்பது மாறாது.

முதலில் பெட்டியைப் பாருங்கள்

வீட்டில் இருக்கும் கருவியைப் பொறுத்து வழி மூன்று.

டிவியிலேயே யுஎஸ்பி இருந்து, போன் வீடியோ மட்டும் ஓடவில்லை என்றால், காரணம் பெரும்பாலும் ஹெச்.265 ஆக இருக்கும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச சாஃப்ட்வேரில் ஹெச்.264 தேர்ந்தெடுத்து மாற்றினால் பல டிவிகளில் ஓடிவிடும்.

டிவிடி பிளேயரில் யுஎஸ்பி இருந்து, முகப்பில் 'டிவ்எக்ஸ்' முத்திரையும் இருந்தால், அதற்கு எக்ஸ்விட் முறையில் அமைந்த ஏவிஐ ஃபைல் வேண்டும். டிவ்எக்ஸ் என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டு வைத்த பெயர்தான் எக்ஸ்விட். இதற்கு ஹேண்ட்பிரேக் உதவாது. 2009-லேயே அது ஏவிஐயைக் கைவிட்டுவிட்டது. இங்கே கைகொடுப்பது ஏவிடிமக்ஸ்.

யுஎஸ்பியே இல்லாத பிளேயர் என்றால் டிஸ்க்தான் வழி. போன் வீடியோவை அப்படியே டிஸ்க்கில் காப்பி செய்தால் அது டிவிடி ஆகிவிடாது. டிவிடி ஸ்டைலர் என்ற இலவச சாஃப்ட்வேரில் 'பால்' முறையைத் தேர்ந்தெடுத்து, வீடியோக்களை வரிசையாகப் போட்டால், எம்பெக்-2-க்கு மாற்றி மெனுவோடு எழுதித் தரும். 4.7 ஜிபி டிஸ்க்கில் சுமார் இரண்டு மணி நேரம் நல்ல தரத்தில் அடங்கும். புது லேப்டாப்களில் டிஸ்க் டிரைவ் இருப்பதில்லை என்பதால், யுஎஸ்பியில் மாட்டும் டிவிடி ரைட்டரை யாரிடமாவது இரவல் வாங்க வேண்டியிருக்கும்.

ஏவிடிமக்ஸில் ஐந்து படிகள்

1. வீடியோவைத் திறந்து, இடது பக்கம் வீடியோ அவுட்புட்டில் 'எம்பெக்4 ஏஎஸ்பி (எக்ஸ்விட்)' தேர்ந்தெடுங்கள். கான்ஃபிகர் பகுதியில் பிட்ரேட் 1500 போதும்.

2. ஃபில்டர்ஸ் பட்டனை அழுத்தி, ரீசைஸில் 640 × 360 என்று கொடுங்கள். பழைய பிளேயர்களின் எல்லை 720 × 576தான். படுக்கையாக எடுத்த வீடியோவுக்கான அளவு இது.

3. ஆடியோ அவுட்புட்டில் எம்பி3.

4. அவுட்புட் ஃபார்மட்டில் ஏவிஐ மக்ஸர்.

5. சேவ் செய்யும்போது, ஃபைல் பெயரின் கடைசியில் புள்ளி வைத்து ஏவிஐ என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள்.

ஒரு மணி நேர வீடியோ சுமார் 730 எம்பியில் அடங்கிவிடும். முழு வீடியோவையும் மாற்றி முடித்த பிறகு ஓடவில்லை என்று தெரிந்தால் வேலை வீண். அதனால் ஏ, பி பட்டன்களால் ஒரு நிமிடத்தை மட்டும் குறித்து, அதை மாற்றி, பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

பென் டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்க வேண்டும். 32 ஜிபிக்கு மேல் வேண்டாம். ஃபைல் பெயரை ஆங்கிலத்தில் சின்னதாக வையுங்கள். தமிழில் வைத்தால் பல பிளேயர்கள் வெறும் கட்டங்களைத்தான் காட்டும்.

வீடியோ சாய்ந்து தெரிகிறதா? போன், 'இதைத் திருப்பிக் காட்டு' என்ற குறிப்பை ஃபைலுக்குள் எழுதி வைத்திருக்கும். பழைய பிளேயர் அதைப் படிக்காது. ரொடேட் ஃபில்டர் சேர்த்தால் சரியாகும். இனி எடுக்கும் வீடியோக்களையாவது போனைப் படுக்கையாகப் பிடித்து எடுங்கள். டிவி திரை நிறையும்.

இரண்டு எச்சரிக்கைகள்

'இலவச கன்வர்ட்டர்' என்று தேடினால், வீடியோவைத் தங்கள் தளத்தில் ஏற்றச் சொல்லும் இடங்கள் நிறைய வரும். ஏற்றிய நொடியிலேயே உங்கள் வீட்டுக் குழந்தைகள் இருக்கும் வீடியோ முகம் தெரியாத யாரோ ஒருவரின் கம்ப்யூட்டருக்குப் போய்விடுகிறது. அங்கிருந்து அது அழிக்கப்பட்டதா என்று பார்க்க வழியில்லை. மேலே சொன்ன சாஃப்ட்வேர்கள் எல்லா வேலையையும் உங்கள் லேப்டாப்புக்குள்ளேயே முடிப்பவை. அவற்றை அவற்றின் சொந்தத் தளத்திலிருந்தே டவுன்லோடு செய்யுங்கள். இன்ஸ்டால் செய்யும்போது கூடவே வேறு எதையாவது சேர்க்கவா என்று கேட்டால், வேண்டாம் என்று சொல்லுங்கள்.

அதைவிட முக்கியமானது, மாற்றி முடித்ததும் ஒரிஜினலை அழிக்காதீர்கள். போன் எடுத்த 1920 × 1080 வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமிலும் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். 640 × 360-ல் இருப்பது 2.3 லட்சம், ஒன்பதில் ஒரு பங்கு. பாலில் தண்ணீர் கலந்த பிறகு பிரிக்க முடியாதது போல, போன புள்ளிகளை எந்த சாஃப்ட்வேரும் திருப்பித் தராது. மெமரி நிறைந்துவிட்டது என்று ஒரிஜினலை நீக்கிவிட்டு, சின்ன ஃபைலை மட்டும் வைத்துக்கொண்டால், அந்தப் பேத்தி வளர்ந்து பெரிய திரையில் தன் அரங்கேற்றத்தைத் தேடும்போது மங்கலான முகம்தான் மிஞ்சும்.

வாட்ஸ்அப்பில் வழக்கம்போல வந்த வீடியோ ஏற்கெனவே சுருக்கப்பட்டதுதான். எடுத்தவரிடம் 'டாக்குமெண்டாக அனுப்புங்கள்' என்று கேட்டு வாங்கினால் முழுத் தரத்தில் கிடைக்கும். அந்த ஒரிஜினலை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வேறொரு இடத்தில் ஒன்று என இரண்டு பிரதியாக, தேதி போட்டு வையுங்கள்.

பென் டிரைவைக் கொடுக்கும்போது கூடவே ஒரு துண்டுச் சீட்டையும் கொடுங்கள். முதல் வீடியோ காதுகுத்து, இரண்டாவது அரங்கேற்றம் என்று பெரிய எழுத்தில், தமிழில். திரையில் வரும் ஆங்கிலப் பெயர்களோடு மல்லாடாமல், நம்பரைப் பார்த்து ரிமோட்டை அழுத்திவிடுவார்கள்.