வாரண்ட் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள்



இந்தப் பதிவு அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களை அங்கே அனுப்பிவிட்டு இங்கே போனும் கையுமாக உட்கார்ந்திருக்கும் பெற்றோருக்கும். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் கடைசி மணி அடித்தபிறகும் என் பாடத்தைக் கேட்டவர்கள் நீங்கள், இதையும் படித்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

போன மாதம் என் பழைய மாணவி ஒருத்தி டெக்சாஸிலிருந்து பேசினாள். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து அங்கே இருக்கிறாள். ஷெரிஃப் அலுவலகத்திலிருந்து பேசுவதாக ஒருவன் போன் செய்திருக்கிறான். "ஜூரி வேலைக்கு அழைத்தோம், நீ வரவில்லை, உன் பெயரில் வாரண்ட் போட்டாயிற்று, இப்போதே பணம் கட்டினால் ரத்து செய்துவிடலாம்" என்றானாம். போனில் தெரிந்த எண்ணும் ஷெரிஃப் அலுவலக எண் மாதிரியே இருந்திருக்கிறது. பயந்துபோய்க் கடைக்கு ஓடி 1,500 டாலருக்கு கிஃப்ட் கார்டு வாங்கி, அதன் எண்களை வாசித்துக் காட்டிவிட்டாள். போன பணம் போனதுதான். அழுதாள்.

அந்த நாட்டில் குடியுரிமை பெற்றவர்கள் மட்டும்தான் ஜூரியாக உட்கார முடியும். விசாவில் இருப்பவருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் அந்த வேலையே கிடையாது. டெக்சாஸில் ஜூரிக்கான பெயர்களை வாக்காளர் பட்டியலிலிருந்தும் டிரைவிங் லைசென்ஸ் பட்டியலிலிருந்தும் எடுக்கிறார்கள். அதனால் நம் பிள்ளைகளுக்கும் சில சமயம் தபாலில் அழைப்பு வந்துவிடும். அதைக் குப்பையில் போடாமல், நான் குடிமகன் இல்லை என்ற இடத்தில் குறித்துத் திருப்பி அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். எந்தக் கோர்ட்டும் போனில் கிஃப்ட் கார்டு கேட்காது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போனை வைத்திருப்பாள்.

இதைவிட எனக்கு வருத்தமாக இருந்தது வேறு. தன் பெயரில் வாரண்ட் இருக்கிறதா என்று அவளே பார்த்திருக்கலாம். பார்க்க வழி இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியவில்லை. நம் ஊரில் 'பிடிவாரண்டு' என்ற வார்த்தையைப் பேப்பரில் படித்திருப்போம், மற்றபடி போலீஸ் வீட்டு வாசலுக்கு வந்து நின்றால்தான் தெரியும் என்று பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தைத்தான் ஏமாற்றுக்காரன் காசாக்குகிறான். அதனால் சொல்கிறேன். வாரண்ட் என்ற சொல்லைக் கேட்டுப் பயப்படாதீர்கள், போய்ப் பாருங்கள்.

என் மகள் ஹூஸ்டன் பக்கம் இருப்பதால், அவள் வீட்டில் தங்கியிருந்த 6 மாதத்தில் நான் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன். டெக்சாஸில் மட்டும் 254 கவுண்டி. ஒவ்வொன்றுக்கும் தனி ஷெரிஃப், தனி கோர்ட், தனி வலைத்தளம். நம் மாவட்டம் மாதிரி என்று நினைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் காட்டும் பொதுப் பட்டியலை அங்கே தேடாதீர்கள். எஃப்.பி.ஐ. 1967 முதல் நடத்தும் தேசியக் கணினிப் பதிவு ஒன்று உண்டு. அது போலீஸுக்குத்தான், நமக்குத் திறக்காது. ஃபுளோரிடா போலச் சில மாநிலங்கள் தேடப்படுபவர்களின் பெயரை மாநில அளவிலேயே பார்க்க விடுகின்றன. மற்ற இடங்களில் கவுண்டி கவுண்டியாகத்தான் பார்க்க வேண்டும்.

நம் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வருவது வண்டி ஓட்டும்போது வாங்கும் டிக்கெட்தான். அதில் யார் டிக்கெட் கொடுத்தார் என்பதைப் பாருங்கள். நகரப் போலீஸ் கொடுத்திருந்தால் அது நகராட்சி கோர்ட். ஷெரிஃப் ஆளோ, கான்ஸ்டபிளோ, நெடுஞ்சாலையில் நிற்கும் மாநிலப் போலீஸோ கொடுத்திருந்தால் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட். குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்ற பெரிய வழக்கு என்றால் அதற்கு மேலான கோர்ட். கோர்ட்டின் பெயர் டிக்கெட் தாளிலேயே அச்சாகியிருக்கும். அந்தக் கோர்ட்டின் தளத்தில் டிக்கெட் எண், லைசென்ஸ் எண், அல்லது பெயரும் பிறந்த தேதியும் கொடுத்துத் தேடினால் வழக்கின் நிலை தெரியும். ஹாரிஸ் கவுண்டியின் ஜஸ்டிஸ் ஆஃப் த பீஸ் கோர்ட்டுகளை இப்படி வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஹூஸ்டன் நகராட்சி கோர்ட்டையும் பார்க்கலாம். சில சின்ன கவுண்டிகளில் கிளார்க் அலுவலகத்துக்குப் போன் செய்துதான் கேட்க வேண்டும். கேளுங்கள், பதில் சொல்வார்கள். போன் எண்ணைக் கவுண்டியின் தளத்திலிருந்து நீங்களே எடுக்க வேண்டும். உங்களுக்கு வந்த அழைப்பின் எண்ணுக்கே திருப்பி அடிக்காதீர்கள்.

கூகுளில் தேடினால் முதலில் வந்து நிற்பவை தனியார் தளங்கள். இலவசம் என்பார்கள். ஒரு கோடு மெதுவாக நகர்ந்து "உங்கள் பெயரில் ஆவணம் கிடைத்துவிட்டது" என்று பயமுறுத்தும், கடைசியில் கிரெடிட் கார்டு எண் கேட்கும். எனக்கு இவர்களைப் பார்த்தால் கோர்ட் வாசலில் நிற்கும் புரோக்கர் ஞாபகம்தான் வருகிறது. சில கவுண்டி அலுவலகங்களின் முகவரி டாட் காம் என்றே முடிவதால் முகவரியை வைத்து மட்டும் உண்மையான தளத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கவுண்டியின் முதல் பக்கத்துக்குப் போய் அங்கிருந்து படிப்படியாக உள்ளே போவதுதான் பாதுகாப்பு.

இன்னொரு முக்கியமான விஷயம். பட்டியலில் பெயர் இல்லை என்பதால் வாரண்டே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். டெக்சாஸ் சட்டப்படி ஒரு கைது வாரண்டும் அதற்கான பிரமாணப் பத்திரமும் பொது ஆவணமாவது அந்த வாரண்டை நிறைவேற்றிய பிறகுதான். அதற்கு முன் காட்டுவதும் காட்டாததும் அந்தந்த அலுவலகத்தைப் பொறுத்தது. மத்திய அரசு வழக்குகளோ கவுண்டித் தளத்தில் வரவே வராது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். முப்பத்து சொச்சம் வருடம் வருகைப் பதிவேடு எழுதிய எனக்கு இதைப் பற்றிச் சொல்ல உரிமை உண்டு! நம் பிள்ளைகளின் பெயர் ஒரு இனிஷியலும் ஒரு பெயரும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயராகும், அது அங்கே குடும்பப் பெயராகும். ஒற்றைப் பெயரோடு விசா வாங்கியவனுக்கு முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப் என் யூ' என்று மூன்று எழுத்து உட்கார்ந்துவிடும். கோர்ட் பதிவில் அப்பா பெயர் முன்னால் வரும். ஆகவே உங்கள் பெயரை முன்பின் மாற்றியும், 'தி'க்கு ஹெச் போட்டும் போடாமலும் தேடுங்கள். ஒரே ஒரு முறை தேடிவிட்டு "இல்லை டீச்சர்" என்று சொல்லாதீர்கள்.

இந்தப் பெயர்க் குழப்பத்தால்தான் எங்கள் சொந்தத்தில் ஒரு சம்பந்தம் முறியப் பார்த்தது. மாப்பிள்ளை டெக்சாஸில் வேலை பார்க்கிறார். பெண்ணின் சித்தப்பா ஏதோ ஒரு தளத்தில் தேடி, "பையன் மேல வாரண்ட் இருக்கு" என்று குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். பிறந்த தேதியை ஜாதகத்தோடு ஒப்பிட்டாராம், வருடம் ஒத்துப்போனதாம். ஜாதகத் தேதி வேறு, பள்ளிக்கூடத் தேதி வேறு என்பது நம் தலைமுறைக்குத் தெரியாதா? ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பில் சேர்ப்பதற்காகத் தேதியை மாற்றிச் சொன்ன பெற்றோர் எத்தனை பேர்! டி.சி.யில் ஏறிய தேதிதான் பாஸ்போர்ட்டிலும் இருக்கும். அதை வாங்கி ஒப்பிட்டபோது வருடமே வேறு. அந்த வாரண்ட் யாரோ இன்னொருவருக்கு.

பெண்ணைக் கொடுப்பவர்கள் விசாரிக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் வாரண்ட் என்பது தண்டனை இல்லை. ஒரு நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவு, அவ்வளவுதான். கோர்ட்டுக்கு வராததற்காகவும் போடுவார்கள். பையனிடம் நேராகக் கேளுங்கள், "தம்பி, இப்படி ஒன்று கண்ணில் பட்டது, என்ன விஷயம்?" என்று. அதைக் கேட்கத் துணிவில்லாமல் குழுவில் போடுவது அசிங்கம். வேலைக்கு எடுக்கும் நிறுவனம்கூட, இப்படி விசாரிக்கும் கம்பெனியிடம் அறிக்கை வாங்குவதற்கு முன் அந்த ஆளின் எழுத்துச் சம்மதத்தை வாங்க வேண்டும் என்று அந்த நாட்டில் சட்டமே இருக்கிறது.

சரி, தேடினோம், உண்மையிலேயே இருக்கிறது, அப்புறம்? என் மாணவன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. வேகமாக ஓட்டியதற்கு டிக்கெட், வீடு மாறிவிட்டான், கடிதம் எல்லாம் பழைய வீட்டுக்கே போயிருக்கிறது. ஒருநாள் சும்மா தேடிப் பார்த்தவன் தன் பெயரைக் கண்டு ஆடிப்போய்விட்டான். அந்தக் கோர்ட்டுக்கே போய் நின்றான், தேதி வாங்கினான், அபராதம் கட்டினான், வாரண்டை எடுத்துவிட்டார்கள். டெக்சாஸில் 2017-ல் வந்த சட்டத் திருத்தமே இதற்குத் துணை. வரத் தவறியதற்காகப் போட்ட வாரண்டை, பிடிபடுவதற்கு முன் தானாக வந்து தீர்க்க முயல்பவருக்கு ரத்து செய்யச் சொல்கிறது. சும்மா விட்டிருந்தால் லைசென்ஸைப் புதுப்பிக்க முடியாமல் போயிருக்கலாம், இல்லை ஒரு ராத்திரி சாலையோரத்தில் கையில் விலங்கு மாட்டியிருப்பார்கள்.

இது சின்ன டிக்கெட்டுக்கு. பெரிய குற்றச்சாட்டு என்றால் நேராக ஷெரிஃப் அலுவலக ஜன்னலில் போய் "என் பேர்ல ஏதாவது இருக்கா?" என்று கேட்டுவிடாதீர்கள், அங்கேயே உட்கார வைத்துவிடலாம். முதலில் வக்கீல். விசாவில் இருப்பவர்கள் குடியேற்ற வக்கீலையும் சேர்த்துப் பாருங்கள், ஊருக்கு டிக்கெட் போடுவதற்கு முன்பே. திரும்பி வரும்போது விமான நிலையத்தில் கணினி முன்னால் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது நல்லதில்லை.

இங்கே இருக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. "உங்க மகன் மேல அமெரிக்காவுல வாரண்ட்" என்று உங்களுக்கும் போன் வரலாம். மகனுக்கு அப்போது நடுராத்திரியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுப்பிக் கேளுங்கள். பணம் கைவிட்டுப் போய்விட்டால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். எந்த கவுண்டி, எந்தக் கோர்ட் என்று தெரியாமல் தவிப்பவர்கள் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், மகளிடம் கேட்டுச் சொல்கிறேன். டிக்கெட் எண்ணையும் பிறந்த தேதியையும் இந்தப் பதிவின் கீழே எல்லோரும் பார்க்கும்படி எழுதாதீர்கள்.