நம் குரல் நம் கையில் இருக்கட்டும்



பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெண்கள் பாட்டுக் குழு ஒன்று உண்டு. ஐந்து பாட்டுகளைப் பதிந்து வானொலிக்கும் விழாக் குழுக்களுக்கும் மாதிரியாக அனுப்ப வேண்டும், சேமிப்புப் பணத்தில் எந்தக் கருவியை வாங்கலாம் என்று என்னிடம் கேட்டார்கள். உங்களில் பலருக்கும் இது பயன்படும் என்பதால் அவர்களுக்குச் சொன்னதை எழுதுகிறேன்.

மலையகப் பெண்ணின் பாட்டுக்கு வரலாறு உண்டு. கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மாள் தோட்டத் தொழிலாளர் கூட்டங்களில் பாடினார். 1940இல் தம் பாடல்களை நூலாகவும் அச்சிட்டார். சி. வி. வேலுப்பிள்ளை தொழிலாளரின் நாட்டார் பாடல்களைத் தொகுத்தார். அச்சில் சொல் தங்கும். ஒப்பாரியின் இழுப்பும் விம்மலும் தங்கா. 1977, 1983 வன்செயல்களின் பின் வன்னிக்கு இடம்பெயர்ந்த மலையகக் குடும்பங்கள் அவற்றை நெஞ்சில்தான் சுமந்து சென்றன. ஆகவே ஒலிப்பதிவு வீண் ஆடம்பரமல்ல.

எல்லோரும் ஒன்றாகப் பாடி ஒரே பதிவாக எடுத்தால், பின்னர் ஒரு குரலை மட்டும் கூட்டவோ குறைக்கவோ முடியாது. பல்தடப் பதிவில் ஒவ்வொரு குரலும் தனித்தடத்தில் இருக்கும். முதலில் பதிந்ததைக் காதில் கேட்டுக்கொண்டே அடுத்தவர் பாடலாம்.

கடையில் “எட்டுத் தடம்”, “பதினாறு தடம்” என்பார்கள். அதில் மயங்காதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை ஒலிவாங்கிகளை இணைக்கலாம் என்று கேளுங்கள். எட்டுத் தடமுள்ள சில கருவிகளில் ஒரே நேரத்தில் இரண்டை மட்டுமே பதிய முடியும். நமக்கு அந்த இரண்டே போதும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் தம் வீட்டில் நான்கு தடக் கசெற் கருவியிலும் இரண்டு ஒலிவாங்கிகளிலும் எடுத்த மாதிரிப் பதிவுதான் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தொகுப்பாக வெளிவந்தது.

மாதர் சங்கத்திலோ பிள்ளைகளிடமோ கணினி இருந்தால் தனிக் கருவி வேண்டாம். இரண்டு ஒலிவாங்கிகளை இணைக்கும் சிறு இடைமுகப் பெட்டியும், ‘ஓடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளும் போதும். கணினி இல்லாதவர்களுக்கும் மின்சாரம் அடிக்கடி நிற்கும் லயங்களுக்கும் பற்றரியில் இயங்கும் கையடக்கப் பல்தடக் கருவி பொருந்தும். ஒலிவாங்கியில் ‘டைனமிக்’ வகையைக் கேளுங்கள். அதற்குத் தனி மின்னூட்டம் வேண்டாம். அறையின் எதிரொலியையும் குறைவாகவே வாங்கும். காதை முழுவதும் மூடும் கேட்பான் ஒன்று அவசியம். இல்லாவிட்டால் கேட்கும் ஒலி மறுபடியும் பதிவில் ஏறும்.

தகரக் கூரையில் மழை விழும்போது எந்தக் கருவியாலும் பயனில்லை. மழையில்லாத நேரம் பார்த்து, சுவரில் கம்பளிகளைத் தொங்கவிட்டுப் பதியுங்கள். முதலில் தப்பை மட்டும் பதிந்து, அதைக் கேட்டபடி முதற்குரலைப் பதியுங்கள். அதன்பின் ஒத்துப் பாடுவோர் ஓர் ஒலிவாங்கியைச் சுற்றி நின்று சேர்ந்து பாடட்டும்.

முக்கியமான விடயம் ஒன்று. காணாமற்போன மகனுக்காகப் பாடிய ஒப்பாரியை ஒரு தாய் பின்னர் வெளியே விட விரும்பாமல் இருக்கலாம். அவர் குரல் தனித்தடத்தில் இருந்தால், மற்றவர்களின் உழைப்பு கெடாமல் அதை மட்டும் நீக்கலாம். எனவே, மனம் மாறக்கூடும் என நினைப்பவர் தனித்தடத்திலேயே பாடட்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் பாடுபவருக்கும் உரிமை தருகிறது. அவரது சம்மதமின்றி அவர் பாட்டைப் பதியவோ அப்பதிவைப் பிரதியெடுக்கவோ கூடாது.

கருவி வாங்குமுன் ஒரு கொப்பியில் மூன்றை எழுதி எல்லோரும் கையொப்பமிடுங்கள்: கருவி யார் பொறுப்பில் இருக்கும்? பதிவு எங்கெங்கே போகும்? பணம் வந்தால் எப்படிப் பங்கிடுவது? முதல் பாட்டைக் கையிலுள்ள தொலைபேசியிலேயே பதிந்து பழகுங்கள். எது போதவில்லை என்று தெரிந்தபின் சேமிப்பில் கை வையுங்கள்.