பன்னுக்கு என்ன பயம்?

“வீட்டிலே பன் செய்வதா? அதெல்லாம் பேக்கரிக்காரன் வித்தை, நமக்கு வராது” என்று சொல்லுகிறவர்களோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. ஜோலார்பேட்டை–சேலம் ரயில் பாதையில் இருக்கிற பொம்மிடியிலும் சரி, சென்னையிலும் சரி, பேச்சு ஒன்றுதான். ராத்திரி அரிசியும் உளுந்தும் அரைத்து வைத்துவிட்டு, விடிந்தால் மாவு பொங்கியிருக்கும் என்று நிம்மதியாகத் தூங்கப் போகிற குடும்பம், ஈஸ்ட் என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்குவானேன்?

இட்லி மாவைப் பொங்கவைப்பவை பெரும்பாலும் பாக்டீரியாக்கள். பன் மாவைப் பொங்கவைப்பது ஈஸ்ட் என்கிற காளான் இனத்து நுண்ணுயிர். இரண்டும் கரியமில வாயுவை விட்டுத்தான் மாவை உப்பவைக்கின்றன. கோவாவில் போர்த்துகீசியர் காலத்திலே ரொட்டி மாவைத் தென்னங்கள்ளை ஊற்றியே புளிக்க வைத்தார்கள். ஆகவே இது சீமைச் சரக்கு, நம் கைக்கு அடங்காது என்கிற கட்சி நிற்காது.

எதிர்க் கோடியில் இன்னொரு கூட்டம்: பத்தே நிமிஷத்தில் பஞ்சு போன்ற பன் என்று ஆசை காட்டுகிறவர்கள். இவர்கள்மேல்தான் எனக்கு அதிகக் கோபம். நம்பிச் செய்து பார்த்தவள் கல்லைப் போன்ற ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, ‘எனக்குக் கைராசி இல்லை’ என்று ஒதுங்கிவிடுகிறாள். சொன்னவன் தப்பித்துக்கொள்கிறான்; பழி அவள் தலையில்.

உண்மைக் கணக்கு ஏறக்குறைய 2 மணி நேரம். அதில் நம் கைவேலை 25 நிமிஷம். மீதியை ஈஸ்டும் அடுப்பும் பார்த்துக்கொள்ளும். 250 கிராம் மைதா, 150 மில்லி பால், ஒரு தேக்கரண்டி உடனடி ஈஸ்ட், ஒரு மேஜைக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, 25 கிராம் வெண்ணெய். பால் விரலுக்கு இதமான சூட்டில் இருக்கவேண்டும். கொதிக்க ஊற்றினால் ஈஸ்ட் செத்துப் போகும். 10 நிமிஷம் பிசையவேண்டும். ஒட்டுகிறதே என்று மேலும் மேலும் மாவைக் கொட்டித்தான் புதியவர்கள் கெடுத்துக்கொள்கிறார்கள். பிசையப் பிசைய ஒட்டல் அடங்கும். இரு மடங்காகிறவரை மூடி வையுங்கள். நம் வெயிலுக்கு ஒரு மணி நேரம் தாராளம். 8 உருண்டைகளாக்கி, இன்னும் 25 நிமிஷம் விட்டு, 190 டிகிரிச் சூட்டில் 15 முதல் 18 நிமிஷம் வேகவையுங்கள். ஓவன் இல்லையா? கனத்த பாத்திரத்தில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு தாங்கி வைத்து, மூடி 10 நிமிஷம் காயவைத்துப் பிறகு தட்டை இறக்குங்கள். மிதமான தீயில் அரை மணியில் வெந்துவிடும். மேற்புறம் அவ்வளவாகச் சிவக்காது, ருசிக்குக் குறைவில்லை.

“கேழ்வரகு விளைகிற தர்மபுரிச் சீமையில் மைதா எதற்கு?” என்பது நியாயமான ஆட்சேபம். களிக்குப் பதிலாகப் பன் தின்னச் சொல்லவில்லை. கடைப் பன்னுக்குப் பதிலாகத்தான் சொல்லுகிறேன். கோதுமையில் இருக்கிற பசைப்புரதம் கேழ்வரகில் இல்லை. தனிக் கேழ்வரகு உப்பாது; மைதாவில் 50 கிராமைக் குறைத்து அந்த இடத்தில் சேர்த்தால் உப்பும்.

கடையில் வாங்கினால் என்ன குறைச்சல் என்பீர்கள். 2016-ல் டில்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம் ரொட்டிகளையும் பன்களையும் சோதித்துப் பெரும்பாலானவற்றில் பொட்டாசியம் புரோமேட் அல்லது அயோடேட்டின் எச்சத்தைக் கண்டது. புரோமேட் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று 1999-லேயே சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகைப்படுத்தியிருந்தது. நம் நாட்டில் அதற்குத் தடை வந்தது 2016 ஜூனில்தான். அதுவரை சட்டம் அனுமதித்ததையே பேக்கரிகள் சேர்த்தன. அவர்களைத் தூற்றிப் பிரயோஜனமில்லை. ஆனால் குழந்தைக்குப் பாலில் தோய்த்து ஊட்டிய தாய்க்கு அது தெரியாது. தன் கையால் பிசைந்த மாவில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். நான் வாதாடுவது இந்தத் தெரிதலுக்காகத்தான்.

பெண்கள் தலையில் இன்னொரு சுமையா என்று சீறுகிறவர்களுக்கும் பதில் உண்டு. பிசைவது தோள்வலு கேட்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, வீட்டு ஆண்பிள்ளை 10 நிமிஷம் பிசையட்டும். முதல் பன் கோணலாக வரும். வரட்டுமே, நம் வீடுகளில் முதல் தோசை மட்டும் வட்டமாகவா வந்தது?