பசுமையின் சுமை யார் தோளில்?

சூழலைப் பேணி உற்பத்தி செய்வது இன்று உலகச் சந்தையின் நிபந்தனையாகிவிட்டது. நுவரெலியா, ஹற்றன் பிரதேசங்களின் தோட்டங்கள் பலவும் 'ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ்' போன்ற சான்றிதழ்களைப் பெற்றுள்ளன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால், அதற்கான விலையைச் செலுத்துவது யார் என்ற வினாவுக்கு இன்னமும் விடை கிடைக்கவில்லை.

2015ஆம் ஆண்டு கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டது. சிறுநீரக நோய் குறித்த அச்சமே இதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. பொருத்தமான மாற்று வழி ஏற்பாடு செய்யப்படாத நிலையில் தேயிலை மலைகளில் புல் மண்டியது. அட்டைக்கும் பாம்புக்கும் நடுவே கொழுந்து பறிக்க வேண்டியவர்களாகத் தொழிலாளர்கள் ஆயினர். மாற்றாகப் பயன்படுத்தப்பட்ட களைநாசினியின் எச்சம் ஜப்பானியச் சந்தையில் ஆட்சேபத்துக்குள்ளானது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடையைத் தளர்த்த நேரிட்டது.

இந்த அனுபவத்திலிருந்து பாடம் கற்கப்படவில்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி ஒரே வர்த்தமானி மூலம் தடுக்கப்பட்டது. பறிக்கப்படும் ஒவ்வொரு கொழுந்துடனும் மண்ணின் நைதரசன் வெளியேறுகின்றது. யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உண்டு. கூட்டெருவில் அது மிகச் சொற்பம். அந்த இடைவெளியை ஒரே பருவத்தில் நிரப்ப இயலாது. அவ்வாண்டு இறுதிக்குள் தடை விலக்கப்பட்டபோதிலும், டொலர் நெருக்கடி உரத்தின் விலையைப் பன்மடங்காக்கியது. 2021இல் சுமார் 29 கோடி 90 இலட்சம் கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, 2022இல் சுமார் 25 கோடி 10 இலட்சம் கிலோவாக வீழ்ந்தது.

இந்த வீழ்ச்சி கம்பனிகளின் கணக்கேட்டில் நட்டமாகப் பதிவாகின்றது. தொழிலாளியின் செக்ரோலில் அது 'அரைப்பேர்' ஆகின்றது. செடியில் கொழுந்து குறைந்தாலும், முழுநாட் சம்பளத்துக்கு நிர்ணயிக்கப்பட்ட கிலோ அளவு தானாகக் குறைவதில்லை.

இதனால் சூழல் பாதுகாப்பே வேண்டாம் என்பதல்ல எமது வாதம். 2025 நவம்பரில் 'டித்வா' சூறாவளியின்போது மலையகத்தை உலுக்கிய மண்சரிவுகள், சரிவு நிலத்தின் மண்ணைக் காப்பது எத்துணை அவசியம் என்பதை உணர்த்தின. நிழல் மரங்களை நடுதல், கவ்வாத்துச் செய்த கிளைகளை மண்ணுக்கே உரமாக விடுதல், இரசாயன உரத்தைப் படிப்படியாகக் குறைத்தல் ஆகியன சாத்தியமானவையே.

ஆயின், ஒரு சூழல் நடவடிக்கையால் விளைச்சல் குறையுமெனில், அக்காலத்துக்குப் பறிக்க வேண்டிய கிலோ அளவும் குறைக்கப்பட வேண்டும். அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இதனை எழுத்து மூலம் உறுதிப்படுத்த வேண்டும். சான்றிதழ் வழங்குவோரும் இதனை நிபந்தனையாக்க வேண்டும். மண்ணைக் காக்கும் செலவை அதில் உழைப்பவரின் கூலியிலிருந்து அறவிடுவது நியாயமாகாது.