ஆணி அடிக்காமலே அடுக்களையை மாற்றலாம்!

சாவியைக் கையில் கொடுக்கும்போதே ஹவுஸ் ஓனர் சொல்லிவிடுவார்: "சுவத்துல ஆணி மட்டும் அடிச்சிடாதீங்கம்மா!"

சரியென்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தால், இரண்டு பேர் நின்றாலே தோள் இடிக்கும் சமையலறை. ஒரு மேடை, ஒரு சிங்க், சுவரில் பதித்த மூன்று கடப்பா கல் தட்டுகள், தலைக்கு மேலே ஒரு பரண். அவ்வளவுதான். பழைய வீட்டிலிருந்து வந்த சாமான்களோ ஹாலில் மூட்டை மூட்டையாகக் கிடக்கும்.

மாடுலர் கிச்சன் போட இது சொந்த வீடு இல்லை. போட்டாலும், காலி செய்யும்போது பெயர்த்து எடுத்துப் போக முடியாது. சுவரில் ஓட்டை போட்டால் அட்வான்ஸில் கழிப்பார்கள். அதற்காக, தினமும் மூன்று வேளை நிற்கிற இடத்தில் நெரிசலோடு மல்லுக்கட்ட வேண்டும் என்றும் இல்லை. எதை வாங்கும் முன்பும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: 'இது அடுத்த வீட்டுக்கும் கூட வருமா?' வரும் என்றால் வாங்கலாம். வராது என்றால், அது நம் காசில் ஓனர் வீட்டுக்குச் செய்யும் செலவு.

முதல் வேலைக்குச் செலவே இல்லை

இடம் போதவில்லை என்று புலம்பும் பல வீடுகளில், உண்மையில் சாமான்தான் அதிகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் ஹாலில் பரப்பி மூன்றாகப் பிரிக்கலாம்: தினமும் எடுப்பது, வாரத்துக்கு ஒருமுறை எடுப்பது, விசேஷத்துக்கு மட்டும் எடுப்பது. தினமும் எடுப்பவை இடுப்புக்கும் கண்ணுக்கும் நடுவில் இருக்கும் தட்டில். கனமானவை கீழே. விசேஷப் பாத்திரங்கள் பரணில்.

மூடி தொலைந்த டப்பா, பிடி உடைந்த வாணலி, கல்யாணத்தில் வந்து பிரிக்காமலே இருக்கும் செட் இவையெல்லாம் எந்தப் பிரிவிலும் வராது. பழைய எவர்சில்வரைப் பல பாத்திரக் கடைகளில் எடைக்கு எடுத்துக்கொள்வார்கள். அந்தப் பணமே புது ஸ்டாண்டுக்கு ஆகும்.

மளிகையையும் கொஞ்சம் யோசிக்கலாம். விலை குறைகிறது என்று 25 கிலோ அரிசி மூட்டையை வாங்கி வைத்தால் காலடி இடம் முழுக்க அதற்கே போய்விடும். பாதி தீர்வதற்குள் வண்டும் வந்துவிடும். சின்ன அடுக்களைக்கு 5 அல்லது 10 கிலோ பையே வசதி.

டேப் இல்லாமல் கடைக்குப் போக வேண்டாம்

ஸ்டாண்ட் பார்க்க அழகாக இருக்கும். வீட்டுக்கு வந்தால் அரை அங்குலத்தில் உள்ளே நுழையாது. அதனால் தட்டின் அகலம், ஆழம், இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள உயரம் மூன்றையும் அளந்து போனில் குறித்துக்கொள்ள வேண்டும். தட்டுக்கு அடியில் மாட்டும் கம்பிக் கூடை வாங்குவதாக இருந்தால், கல்லின் தடிமனையும் அளப்பது நல்லது. அந்தக் கூடைகளில் பல மெல்லிய மரப்பலகைக்காகச் செய்யப்பட்டவை. கடப்பா கல்லில் எல்லாமே மாட்டாது.

பெரும்பாலான கடப்பா தட்டுகளில் உயரம்தான் வீணாகிறது. கீழே அரை அடிக்கு டப்பா, அதற்கு மேலே வெறும் காற்று. கால் வைத்த சின்ன ஸ்டாண்ட் ஒன்றை உள்ளே வைத்தால் ஒரு தட்டு இரண்டு தட்டாகிவிடும். இதைவிடக் குறைந்த செலவில் இடம் கிடைக்காது.

ஆணி இல்லாமல் தொங்கவிட...

கரண்டி, வடிகட்டி, இடுக்கி போன்றவற்றுக்கு ஜன்னல் கம்பியே போதும். எஸ் வடிவக் கொக்கிகளை மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் காற்றும் வெளிச்சமும் வர பாதி ஜன்னலாவது காலியாக இருக்கட்டும்.

ஒட்டும் ஹூக் டைல்ஸில் நன்றாகப் பிடிக்கும். வெள்ளையடித்த சுவரில் பிடிக்காது. சுவரில் ஒட்டினால், விழும்போது பெயின்ட்டையும் உரித்துக்கொண்டு வரும். டைல்ஸின் எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்புப் போட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒட்டி, ஒரு நாள் விட்டுத்தான் எடை ஏற்ற வேண்டும். காலி செய்யும்போது தேங்காய் எண்ணெய் தடவிச் சற்று நேரம் ஊறவிட்டால் பசை இளகி வந்துவிடும்.

மேடைக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தால், சக்கரம் வைத்த ஒல்லியான ட்ராலி ஒன்று அங்கே நிற்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, எண்ணெய் பாட்டில் எல்லாம் அதில் போய்விடும். பெருக்கும்போது இழுத்துவிட்டுப் பெருக்கலாம். அட்டைப்பெட்டியில் மட்டும் எதையும் சேர்த்து வைக்கக் கூடாது. கரப்பான்பூச்சி குடியேறுவதே அங்கேதான்.

சிலிண்டர் இருக்கும் இடத்தில் கவனம்

மேடைக்கு அடியில் இருப்பதை மறைக்க, பழைய காட்டன் புடவையில் திரை தைத்துப் போடுவது அழகான யோசனை. சிங்க்குக்கு அடியில் தாராளமாகப் போடலாம். ஆனால் சிலிண்டர் இருக்கும் பகுதியைத் திரையாலோ சாமான்களாலோ அடைக்கக் கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையோடு தேங்கும். அந்த இடம் திறந்தே இருந்தால்தான் வாசனை சீக்கிரம் தெரியும். ரப்பர் குழாய்க்குப் பக்கத்தில் கூர்மையான பாத்திரங்களை அடுக்காமல், குழாயில் அச்சிட்டிருக்கும் காலக்கெடுவையும் ஒருமுறை பார்த்துவிடலாம். அடுப்புக்குப் பின்னால் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம். சூட்டில் சுருங்கும், தீயும் பிடிக்கும்.

மசாலா டப்பாக்களுக்கும் அடுப்புக்குப் பக்கத்து இடம் ஆகாது. சூட்டிலும் ஆவியிலும் வாசனை போய்விடும். அஞ்சறைப் பெட்டியை ஒரு கை தள்ளி வைத்தாலே போதும்.

அழகுக்கு வெளிச்சமே பாதி

மங்கலான பல்பை மாற்றி ஓர் எல்.ஈ.டி. டியூப் போட்டால், பெயின்ட் அடிக்காமலே சமையலறை பெரிதாகத் தெரியும். அடுத்தது டப்பாக்கள். ஆளுக்கொரு நிறத்தில் நிற்கும் டப்பாக்களைவிட, ஊறுகாய், காபித்தூள் வந்த கண்ணாடி பாட்டில்களை லேபிள் உரித்து வரிசையாக வைத்தால் பார்க்கவும் லட்சணம், பருப்பு தீர்ந்ததும் உடனே தெரியும். ஜன்னலோரம் ஒரு சின்னத் தொட்டியில் புதினாவோ கற்பூரவல்லியோ வைத்தால் பச்சைக்குப் பச்சை, சமையலுக்கும் ஆச்சு.

2,000 ரூபாய் இருந்தால்?

விலை ஊருக்கு ஊர் மாறும். ஆனாலும் இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்: விளக்குக்கு 300, தட்டுக்குள் வைக்கும் ஸ்டாண்டுகளுக்கு 700, ட்ராலிக்கு 800, கொக்கிகளுக்கு 200. எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் வாங்க வேண்டியதில்லை. முதல் மாதம் விளக்கும் ஸ்டாண்டும் போதும். அதன் பிறகும் எது இடிக்கிறதோ, அதற்கு மட்டும் அடுத்த மாதம் செலவு செய்யலாம்.

ஓனரிடம் ஒரு வார்த்தை

குடியேறிய அன்றே சமையலறைச் சுவர், சிங்க், குழாய், டைல்ஸ் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட வேண்டும். ஏற்கெனவே இருந்த விரிசலுக்கு, காலி செய்யும்போது நம் அட்வான்ஸில் கை வைக்க மாட்டார்கள். தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையில் இருக்கும் வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதாவிட்டால், அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது. மூன்று மாத வாடகை என்றாலும் சின்னத் தொகை இல்லையே! ஒரே ஓர் இடத்தில் ஆணி அடித்தே ஆக வேண்டும் என்றால், கேட்டுவிட்டு அடிப்பதே மரியாதை. "இந்த ஒரு இடத்துல மட்டும் ஷெல்ஃப் மாட்டிக்கட்டுமா சார்? போகும்போது நாங்களே அடைச்சுக் குடுத்துடறோம்" என்று கேட்டால், பல ஓனர்கள் சரி என்றுதான் சொல்வார்கள். அந்தச் சம்மதமும் எழுத்தில், குறைந்தது ஒரு மெசேஜிலாவது இருப்பது நல்லது.

வீடு மாறும் நாளில்தான் இதன் அருமை தெரியும். ஸ்டாண்டும் கொக்கியும் பாட்டிலும் ஒரே பெட்டியில் அடங்கிவிடும். ட்ராலி தானே உருண்டு வரும். ஓனர் வந்து பார்த்தால் சுவர் அப்படியே இருக்கும். அடுத்த வீட்டில் ராத்திரி பால் காய்ச்சி, மறுநாள் காலையிலேயே இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிடலாம்.